உதயகலா தெரிவு செய்த சக்கரங்கள்

உதயகலாவுக்கு வலது முழங்கால் மடங்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் வீட்டில் யாரும் இதைச் சொல்வதில்லை.

நின்றால் எல்லாப் பெண்களையும் போலத்தான் நிற்பாள். நடக்கும்போது மட்டும் அந்தக் கால் நீட்டியபடியே பக்கவாட்டில் ஒரு அரைவட்டம் போட்டு வந்து நிலத்தில் ஊன்றும். பதினைந்து வயதில், கொக்குவில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போயிருந்தபோது, வெடித்த செல்லின் துண்டு ஒன்று முழங்காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கால் தப்பியது, முழங்கால் தப்பவில்லை. வெயிலோ மழையோ, இருந்தாலோ படுத்தாலோ, அது நீட்டினது நீட்டினபடிதான்.

கலியாணப் பேச்சில் அந்த முழங்காலுக்கு இருந்த மதிப்பைக் கேட்கவே வேண்டாம். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், பெண் எழுந்து உள்ளே போகிற நடையை வடிவாகப் பார்த்தார்கள், "பிறகு சொல்லி அனுப்பிறம்" என்று போனார்கள். சொல்லி அனுப்பினவர் ஒருவரும் இல்லை. முப்பது தாண்டி, வீட்டில் அந்தப் பேச்சே அடங்கிப் போன பிறகுதான் சுதாகரன் வந்தான். மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின்களைத் திருத்துகிற கடை அவனுடையது. கதை குறைந்த மனிதன். உதயகலா எழுந்து உள்ளே போகும்போது வாசல்நிலையில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் அவள் காலில் இருக்க, அவன் மட்டும் தலையைக் குனிந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

சுதாகரனின் அக்கா செல்வநாயகிக்குப் போதவில்லை. "கண் தெரிஞ்சுகொண்டே கிணத்துக்கை விழப்போறியோடா?" என்று துள்ளிக் குதித்தாள். அவன் அசையவில்லை. கலியாணம் முடிந்து வந்த முதல் நாள் பின்னேரம், வீடு நிறையச் சொந்தக்காரர் இருக்க, அவர்கள் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னான்.

"உம்மடை காலைப் பற்றி இந்த வீட்டிலை ஒரு கதை வராது. நானும் கதைக்க மாட்டன். ஆரையும் கதைக்க விடவும் மாட்டன்."

பதினைந்து வயதிலிருந்து தன் பெயரைவிடத் தன் காலைப் பற்றியே அதிகம் கேட்டு வளர்ந்தவள் அவள். அந்த வார்த்தையைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. பட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்தால் சேலை பழுதாகிவிடும் என்று கையால் துடைத்தாள்.

சொன்ன வார்த்தையை அவன் காப்பாற்றினான். வாயால் சொல்லாததை எல்லாம் கையால் செய்தான். ஒரு நாள் அவள் கோயிலால் வந்து பார்த்தால் கட்டிலின் நாலு காலுக்கும் கீழே கல் வைத்து உயர்த்தியிருந்தது. இன்னொரு நாள் கிணற்றடியில் புதிதாக ஒரு சீமெந்துக் கட்டு, காலை நீட்டி இருந்து குளிக்கத் தோதாக. குசினியில் இருந்து சமைக்கிற அடுப்பு போய், நின்று சமைக்கிற மேடை வந்தது. "இது எதுக்கு?" என்று அவளும் கேட்டதில்லை, "இதுக்குத்தான்" என்று அவனும் சொன்னதில்லை. பிள்ளை இல்லை என்ற குறையை விட்டால் குறை என்று ஒன்று அந்த வீட்டில் இருக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேர் விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் கதைத்துக்கொண்டே ஒருத்தரையொருத்தர் விளங்காமல் வாழ்கிறார்கள். இவர்கள் கதைக்காமலே விளங்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். அப்படித்தான் உதயகலா நினைத்திருந்தாள்.

ஒன்றுக்குத்தான் வழி கிடைக்கவில்லை. அவளை வெளியில் கூட்டிக்கொண்டு போவதற்கு. மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டில் இருந்தால் கால் றோட்டுக்குக் குறுக்கே தடி நீட்டினது போல் நிற்கும். ஓட்டோவுக்குள் கால் கொள்ளாது. பஸ்ஸில் ஏறினால், "கெதியா ஏறுங்கோ அக்கா, கெதியா" என்று கொண்டக்டர் கத்துவதற்குள் பஸ்ஸே வெளிக்கிட்டுவிடும். ஆகவே கலியாணம் முடித்த பிறகு அவள் போன தூரமெல்லாம் நடந்து போகக்கூடிய தூரம்தான். கோயில், சந்தை, நாலு வீடு. 

பிறகு ஜீப் வந்தது.

பழைய யப்பான் ஜீப். வன்னியில் ஒரு கமக்காரரின் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்ததைச் சுதாகரன் இழுத்துக்கொண்டு வந்தான். கடையின் பின்பக்கத்தில் வைத்து, வேலை முடிந்த நேரமெல்லாம் அதனோடு கிடந்து, எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, பச்சை நிறம் அடித்து, ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருந்தான். நீட்டின கால் நீட்டினபடி இருக்க இடம் இருந்தது. அதையும் அவன் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு, "இருந்து பாரும்" என்று மட்டும் சொன்னான்.

ஏறுவதற்கு உதயகலா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு கதவடியில் நிற்பாள். சீற்றின் விளிம்பு சரியாக அவள் இடுப்புக்குக் கீழே வரும். அப்படியே பின்னுக்குச் சாய்ந்து இருந்துவிட்டு, இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி, காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வாள். மாப்பிள்ளை காரில் மணப்பெண் ஏறுகிற மாதிரித்தான் இருக்கும். யாருடைய கையும் வேண்டாம். தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தால் அவள் ஏறியிருக்கவே மாட்டாள். ஊர் பார்க்கப் புருசன் தூக்கி ஏற்றுவதைவிட வீட்டிலேயே கிடக்கலாம் என்பது அவள் எண்ணம். பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்து, இலவம்பஞ்சு அடைத்து, தொடைக்குக் கீழே வைக்க ஒரு சின்ன மெத்தை தைத்தாள். அது முன் சீற்றிலேயே கிடந்தது. அந்தச் சீற் அவளுடையது என்பதற்கு அதுதான் உறுதி.

முதலில் கீரிமலைக்குப் போனார்கள். கேணிப் பக்கம் படிகள் என்பதால் அவள் இறங்கவில்லை. கடலைப் பார்த்தபடி ஜீப்பில் இருந்தாள். சுதாகரன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, கோயில் விபூதியை அவள் கையில் தந்தான். சின்னப்பிள்ளையில் கண்ட கடல். அது அப்படியே இருந்தது. அவள்தான் இவ்வளவு காலம் வராமல் இருந்திருக்கிறாள். அதன்பிறகு ஞாயிறு என்றால் ஜீப்தான். சமையலைக் காலையிலேயே முடித்து, புட்டை வாழையிலையில் கட்டி, போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அயலட்டைக்குக் கையசைத்துக்கொண்டு போவாள். நாற்பது வயதில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சந்தோசம், இவ்வளவு புளுகம் ஆகாதுதான். ஆனால் அவளுக்கு அது பதினைந்து வயதில் நின்றுபோன புளுகம், பாவம், எங்கேதான் போகும்.

ஒரு ஞாயிறு மணற்காட்டுக்குப் போனார்கள். மணல் மேடுகளைத் தாண்டிக் கடலடி வரைக்கும் ஜீப்பைக் கொண்டுபோகலாம் என்று சுதாகரன் நினைத்தான். மணலில் அவளால் ஓரடியும் நடக்க ஏலாது. ஊன்றின கால் புதைந்தால் எடுக்க முடியாது. அதனால்தான் ஜீப்போடு போக நினைத்தான். பாதி வழியில் ஜீப் புதைந்தது. பழைய சக்கரங்கள் ஒடுங்கினவை, ரயரிலும் வரி தேய்ந்துபோயிருந்தது. அவன் மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே கிடங்கு தோண்டிக்கொண்டு கீழே போனது.

கரையில் வலையிலிருந்து மீன் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடிவந்தார்கள். எல்லாரிலும் மூத்தவர் பேதுரு என்று ஒருவர். உதயகலா பதறிப்போய் இறங்குவதற்குக் கதவைப் பிடித்தாள்.

"நீ இறங்காதை பிள்ளை, பேசாமல் இரு," என்றார் பேதுரு. "உன்ரை பாரமும் ஒரு பாரமே? நாங்கள் இழுக்கிற வலையிலை இதைவிடப் பாரம் வந்திருக்கு."

ஏலேலோ போட்டுக்கொண்டு அவர்கள் தள்ளினார்கள். ஜீப் ஆடி ஆடி வெளியே வந்தது. உள்ளே இருந்த உதயகலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு கையால் மெத்தையையும் மறுகையால் கதவையும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். அவள் வாழ்க்கையிலேயே அதைப் போல ஒரு நாள் இல்லை. சுதாகரனுக்கு மட்டும் முகம் செத்துப்போயிருந்தது. மெசின் திருத்துகிறவனின் ஜீப் ஊரான் தள்ள வெளியே வந்தது அவனுக்குப் பெரிய மானக்கேடு.

"கடலடிக்குக் கொண்டுபோய் விடுறன் எண்டு சொல்லிப்போட்டு நடுவழியிலை வைச்சிட்டன்," என்றான் திரும்பி வரும்போது. "நல்ல சக்கரம் நாலு போடவேணும். அடுத்தமுறை புதைய விடமாட்டன்."

அவளுக்காகத்தான் சொன்னான். அதில் பொய் ஒரு துளியும் இல்லை. இதை மறந்துவிடக்கூடாது.

அடுத்த கிழமை ஜெயதீபன் என்று ஒருவன் கடைக்கு வந்து சேர்ந்தான். இளம் பெடியன், சொந்தமாக ஒரு ஜீப், அவனைப் போல ஜீப் வைத்திருக்கிற நாலைந்து பேர் கூட்டாளிகள். சேறு கண்டால் எருமைகளுக்கு வருகிற சந்தோசம் இவர்களுக்கும் வரும். பழைய இரும்பு றிம்மைக் கண்டதும் நாக்கால் ஒரு சத்தம் போட்டான். "அண்ணை, இவ்வளவு வடிவா ஜீப்பைக் கட்டி எழுப்பிப்போட்டு உந்தச் சக்கரத்தோடை ஓடுறியளே? ராசாவுக்கு ரப்பர் செருப்புப் போட்ட மாதிரியெல்லோ கிடக்கு." அந்த ஒரு சொல்லில் சுதாகரன் விழுந்துவிட்டான். இவ்வளவு காலமும் கதை குறைந்திருந்த மனிதனின் வாயில் அன்றிலிருந்து றிம்மும் ரயரும்தான். ஆறு நட் றிம், அகலம் எவ்வளவு, சேறு தெறிக்காமல் மறைக்கிற மட்காட்டுக்கு வெளியே சக்கரம் எவ்வளவு தள்ளவேண்டும், அகன்ற ரயருக்குக் காற்றைக் குறைத்துவிட்டால் மணலில் எப்படி மிதந்து போகும். பின்னேரத் தேத்தண்ணியோடு உதயகலா இதெல்லாம் கேட்டாள். விளங்கினது கால்வாசி. அவன் சந்தோசமாகக் கதைக்கிறான் என்பது முழுதும் விளங்கியது.

வீட்டு மதிலில் கரித்துண்டால் வட்டம் வட்டமாகக் கீறினான். சக்கரம் எந்த அளவில் நிற்கும் என்று கண்ணால் பார்க்கிறதற்காம். இப்போதிருக்கிற சக்கரம் ஒரு வட்டம், வரப்போகிறது பக்கத்தில் ஒரு வட்டம். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கைப்பிடி கூட இருக்கும். தோசைக்கல்லைப் பெரிது சின்னது பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் தெரிவு இரண்டில் வந்து நின்றது. ஒன்று வெள்ளை இரும்பு றிம், பழைய சக்கரத்தின் அதே அளவு, மணலுக்கு ஏற்ற புதிய ரயரோடு. உதுவே போதும் என்று சக்கரக் கடைக்காரரே சொன்னாராம். மற்றது யப்பானில் இருந்து வந்த பாவித்த அலோய் றிம். கறுப்பு. அகலம், உயரம் இரண்டும் கூட. அதைப் போட்டால் மட்காட்டில் உரசும், ஆகவே ஜீப்பின் உடம்பையும் உயர்த்திக் கட்டவேண்டும். இரண்டின் படத்தையும் போனில் வைத்துக்கொண்டு சுதாகரன் அவள் முன்னால் வந்து இருந்தான்.

"நீர்தான் சொல்லவேணும். ஜீப் உமக்குத்தானே. எது வடிவு?"

அவள் வெள்ளையைப் பார்த்தாள். கறுப்பைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கறுப்பின் படம் வரும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. வாயைத் திறக்க முதல் ஒரு யோசனை வந்தது. பதின்மூன்று வருசக் குடித்தனத்தில் அவள் தன் காலுக்கு மிகக் கிட்டப் போய்க் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"கறுப்பைப் போட்டால் ஜீப் உயருமோ?"

"ஓம்!" என்றான் அவன், கண்ணெல்லாம் மின்ன. "நல்லா உயரும். உதுதான் அதின்ரை எடுப்பே."

கேள்வி அவன் காதில் விழுந்தது, அதற்குள் இருந்த ஆள் விழவில்லை. கட்டிலுக்குக் கல் வைத்தவன், கிணற்றடிக்குச் சீமெந்து போட்டவன், சீற்றைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியவன், அவன் பார்க்காமலா விடுவான் என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவன் எல்லாம் யோசித்திருப்பான். யோசித்ததைச் சொல்லமாட்டான், அவ்வளவுதான்.

"கறுப்புத்தான் வடிவு," என்றாள்.

சக்கரம் பூட்டின அன்று நல்ல நாள் பார்த்திருந்தார்கள். பின்னேரம் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை. அதற்கு முன்னர் வீட்டு வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வீட்டுக்காரி முன் சீற்றில் முதலில் ஏறி இருந்து வெளிக்கிடவேண்டும். அதுதான் முறை. செல்வநாயகி மச்சாள் காலையிலேயே வந்துவிட்டாள். அயலட்டை எல்லாம் படலையடியில் நின்றது. ஜெயதீபனும் கூட்டாளிகளும் போன்களைத் தூக்கிப் படம் எடுக்க ஆயத்தமாக நின்றார்கள். உதயகலா மாம்பழ நிறச் சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்து, கையில் மெத்தையோடு வெளியே வந்தாள்.

ஜீப் வேறு ஒரு மிருகமாக நின்றது. வடிவுதான், இல்லையென்று சொல்ல ஏலாது. கறுத்துப் பளபளத்த சக்கரங்கள் மட்காட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு, கண்டவர் வாய் பிளக்கிற மாதிரி. அவள் கதவைத் திறந்து மெத்தையைச் சீற்றில் வைத்தாள். வழக்கம்போல முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பின்னுக்குச் சாய்ந்தாள்.

சீற்றின் விளிம்பு இடுப்புக்குக் கீழே வரவில்லை. முதுகில் வந்து குத்தியது.

இன்னும் ஒருதரம் சாய்ந்து பார்த்தாள். ஒரு சாண் கூட இல்லை, நாலு விரற்கடை அப்படி. நல்ல காலுள்ளவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை, ஒரு எட்டு வைத்தால் முடிந்தது. எட்டு வைக்க ஒரு முழங்கால் மடங்கவேண்டும். சுதாகரன் மற்றப் பக்கத்தில் குனிந்து சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். அவள் நின்ற பக்கம் அவன் பார்க்கவில்லை. இதுவரை பார்க்கவேண்டி வந்ததில்லையே.

நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது வாசலில் நின்று "ஏலாது" என்று சொல்லக்கூடாது. அது எங்கள் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு வண்டி முதன்முதல் உருளப் போகிற நேரத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால், பிறகு அந்த வண்டிக்கு என்ன நடந்தாலும் அந்த வாய்தான் காரணம். இவ்வளவு பேர் முன்னால், எதைக் கதைப்பதில்லை என்று அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னானோ அதை அவள் வாயால் சொல்லவும் வேண்டும். எல்லாரும் குனிந்து அவள் காலைப் பார்க்கவும் வேண்டும். கலியாணப் பேச்சுக் காலத்துத் தேத்தண்ணிக் கோப்பைகளெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன.

"மச்சாள், நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ," என்றாள். "நான் அடுப்பிலை பால் வைச்சிட்டன். மறந்துபோனன்."

"விசரி, நல்ல நாளும் அதுவுமா!" என்று சொல்லிக்கொண்டே செல்வநாயகி ஒரு எட்டில் ஏறி இருந்தாள். மெத்தைக்கு மேலேயே இருந்தாள். எலுமிச்சம்பழங்கள் நசிந்தன, பெடியள் கூவினார்கள், ஜீப் படலையைத் தாண்டிப் போனது. உதயகலா குசினிக்குள் போனாள். அடுப்பில் பால் இருக்கவில்லை. நெருப்பே மூட்டியிருக்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு, தலையில் பூவோடு, அவர்கள் கோயிலால் வரும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

அவன் இன்றைக்குக் காண்பான், நாளைக்குக் காண்பான் என்று இருந்தாள். ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் கதவடியில் ஒரு படி பூட்டியிருக்கும். அவன் ஒன்றும் சொல்லமாட்டான், அவளும் கேட்கமாட்டாள். அப்படித்தானே எல்லாம் நடந்தது. காலையில் எழும்பினதும் பல் தீட்டிக்கொண்டே போய் ஜீப்பின் கதவடியைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிப் போனது.

படி வரவில்லை. ஞாயிறு வந்தது. "மணற்காட்டுக்குப் போவம், வாரும்" என்று கூப்பிட்டான். ஜெயதீபன் ஆட்கள் படலையில் ஹோன் அடித்துக்கொண்டு நின்றார்கள். "தலையிடிக்குது, நீங்கள் போட்டு வாங்கோ," என்றாள். மத்தியானம் போனுக்கு வீடியோ வந்தது. பச்சை ஜீப் மணல் மேட்டில் ஏறி இறங்கி, ஒரு இடத்திலும் புதையாமல், நேரே அலையடி வரைக்கும் போய் நிற்கிறது. "கலா, பாரும்! புதையேல்லை! கடலடிக்கே வந்திட்டன்!" என்று சுதாகரனின் குரல் காற்றுக்குள்ளே கேட்டது. முன் சீற்றில் ஜெயதீபன் இருந்து கையாட்டினான். அவளைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்ன அதே இடம். அவள் அந்த வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். அலைச் சத்தம் வருகிற இடம் வரைக்கும் பார்த்துவிட்டு நிற்பாட்டினாள்.

அடுத்த ஞாயிறு கால் உளைவு என்று சொல்ல ஏலாது, காலைப் பற்றிய கதை இல்லையே. வயிற்றுக்குள் சரியில்லை என்றாள். அதற்கடுத்த ஞாயிறு விரதம். பிறகு அவன் கூப்பிடும்போது குரலில் ஒரு அவசரம் வந்தது. அதற்குப் பிறகு கூப்பிடுவதற்கும் வெளிக்கிடுவதற்கும் இடையில் அவள் மறுமொழி சொல்வதற்கே நேரம் இருக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சுதாகரன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். ஜீப் முற்றத்தில் நின்றது. உதயகலா குசினியிலிருந்து சின்ன ஸ்ரூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவடியில் வைத்தாள். நல்ல காலை அதில் வைத்து, கதவைப் பிடித்துத் தெண்டி எழும்பி, பின்பக்கமாகச் சாய்ந்தால் சரி. எழும்பிவிட்டாள். சீற்றின் விளிம்பும் இடுப்பில் பட்டது. பட்டதுதான், ஸ்ரூலின் ஒரு கால் முற்றத்து மணலில் இறங்கியது. பிடி வழுகி, சக்கரத்தோடு சரிந்து, நிலத்தில் விழுந்தாள். விழும்போது வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எழும்பிவிடக் கூடாது. அந்தக் கறுப்பு றிம்மைப் பிடித்துத்தான் எழும்பினாள். ஸ்ரூலைக் கழுவிக் குசினியில் வைத்துவிட்டு, முதல்தரமாக மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது. வாய் திறந்து, கால் என்ற சொல்லைப் போட்டு, சொல்லிவிடுவது.

பின்னேரத் தேத்தண்ணியோடு அவன் முன்னால் போய் இருந்தாள். முழங்கையில் உரசல் காயம். அவன் கண்டான்.

"என்ன உது?"

"கிணத்தடியிலை வழுக்கினது," என்றாள். பிறகு, "இஞ்சேருங்கோ, அந்தச் சக்கரம்..." என்று தொடங்கினாள்.

"சக்கரத்துக்கு என்ன?" அவன் முகம் விரிந்தது. "இண்டைக்குக் கடையிலை ரெண்டு பேர் விசாரிச்சவை. ஆர் தெரிஞ்செடுத்ததெண்டு கேட்டினம். என்ரை மனிசிதான் தெரிஞ்சவ எண்டு சொன்னன். எங்கை போனாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன். பழைய சக்கரத்தை ஜெயதீபனுக்குக் குடுத்தது, அவன் கிளிநொச்சியிலை ஆற்றையோ இழுவைப் பெட்டிக்குப் பூட்டியும் போட்டானாம். நல்லதாப் போச்சு. என்ன சொல்ல வந்தனீர்?"

"ஒண்டுமில்லை. மினுக்கி வைச்சிருக்கிறியள் எண்டு சொல்ல வந்தனான்."

அவன் அவள் காலை மறந்துவிட்டான். உண்மையாகவே மறந்துவிட்டான். ஒரு மனிதன் தன் மனைவியின் ஊனத்தை முழுதாக மறப்பதென்றால் அதைவிட அன்பு வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். உதயகலாவும் அன்றைக்கு அதைத்தான் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல நெஞ்சு ஆறவில்லை. காலை மறந்தபோது அந்தக் காலுக்குரியவளையும் சேர்த்து மறந்துவிட்டான், அது அவனுக்குத் தெரியவும் இல்லை. கோபப்படவாவது ஒரு குற்றம் வேண்டும். அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. தான் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

மாரி தொடங்க முன்னர் ஒரு சனிக்கிழமை, சுதாகரன் ஜீப்பை உள்ளும் புறமும் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் எல்லாருமாக வன்னிக் காட்டுப் பக்கம் போவதாக இருந்தது. கையில் எதையோ தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அவளுடைய மெத்தை. மணல் படிந்து, யாரோ சோடா ஊற்றின கறையும் இருந்தது. அதை நன்றாகத் தட்டி, விறாந்தையில் கிடந்த வாங்கில் மெல்ல வைத்தான்.

"உது முன் சீற்றிலை கிடந்து இருக்கிற ஆக்களுக்கு இடைஞ்சல். ஊத்தையாயும் போகுது," என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, பகிடியுமில்லாமல் கோபமுமில்லாமல் கேட்டான். "உமக்கு இப்ப ஜீப்பிலை வாறதிலை விருப்பமில்லாமல் போட்டுது, என்ன?"

அவன் முகத்தில் ஒரு சின்ன மனவருத்தமும் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது சொன்னால் அவன் உடைந்துபோவான். ஓடிப்போய்ச் சக்கரத்தைக் கழற்றுவான், ஜெயதீபனோடு சண்டை பிடிப்பான், படலைக்கு வெளியே எல்லாருக்கும் விளங்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலைப் பற்றிய கதை மட்டும்தான் இருக்கும். அவனுக்குக் கண்ணைக் குத்துகிற மாதிரி அது நிற்கும். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதன் பிறகு இருக்கமாட்டான்.

"ஓம்," என்றாள். "எனக்கு விருப்பமில்லாமல் போட்டுது. தலை சுத்துது. வீட்டிலை இருக்கிறதுதான் சுகம்."

"எனக்கும் விளங்கினதுதான்," என்றான் சுதாகரன். "விருப்பமில்லாத ஆளை வா வா எண்டு கரைச்சல் குடுக்கிறதும் சரியில்லை. இனிக் கூப்பிட மாட்டன், நீர் கவலைப்படாதையும்."

அவளுக்கு உதவி செய்கிற முகத்தோடு சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போனான். வாளியும் துணியுமாகச் சக்கரத்தடியில் குந்தினான். இரண்டு முழங்காலும் மடிந்து, இலேசாகக் குந்தினான். மதிலில் கரியால் கீறின வட்டங்கள் அவன் தலைக்குப் பின்னால் இன்னமும் இருந்தன, பெரியதும் சின்னதுமாக. உதயகலா வாங்கில் இருந்து, மெத்தையை எடுத்து, காலை நீட்டி, தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அதற்குத்தானே தைத்தது. எங்கேயும் போகாமல் அப்படியே இருந்தாள்.

"கலா!" என்று வெளியிலிருந்து கூப்பிட்டான். "ஒருக்கா வந்து பாருமன். நீர் தெரிஞ்ச சக்கரம் என்ன மாதிரி மினுங்குது எண்டு."

அவள் எழும்பி, காலை அரைவட்டமாக வீசி வீசி, வாசல் வரைக்கும் வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள்.